அரை சென்டிமீட்டர்

2025 செப்டம்பர் 21, மாலை நான்கு மணி: காவலர் பணிக்கு விண்ணப்பிக்க இன்றே கடைசி நாள். மண்ணூரில் முப்பிடாதியின் வாடகை அறைச் சுவரோடு ஒட்டி, வெறுங்காலுடன் விறைத்து நிற்கிறாள் ஷாரோன். தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் அசெம்பிளி லைனில் நின்றுவிட்டு நேரே இங்கு வந்தவள். முப்பிடாதி இழுத்துப் பிடித்த டேப்பில் சாய்ந்த வெயில் மின்னுகிறது. வேண்டிய உயரம் நூற்றைம்பத்தொன்பது. அரை சென்டிமீட்டர் குறைகிறது.

“இன்னாடி, அப்போ நான் ஃபாரம் போட்டாலும் வேஸ்டா?”

நாளெல்லாம் நின்ற உடல் மாலையில் சற்றே குறுகும் என்பது முப்பிடாதிக்குத் தெரியும். நேற்று மாலை அவளும் இப்படித்தான் குறைந்திருந்தாள். இன்று காலை கண்விழித்தவுடன் அளந்தபோது சரியாக இருந்தது. ஓட்டப் பயிற்சியில் தினமும் தன்னை முந்திப் பறக்கும் அந்த நீண்ட கால்களைப் பார்க்கிறாள். வயிறு எரிகிறது.

“வேஸ்ட்டுதாம்ளா,” என்கிறாள்.

முப்பிடாதி மட்டும் விண்ணப்பிப்பது என்று முடிவாகிறது.