சவரிமுத்துவின் மாத்திரைகள்

ஆய்வாளர் தமயந்தி கண்டுபிடித்த மருந்து மாரடைப்பு வந்த எலிகளை எல்லாம் பிழைக்க வைத்தது. அதை முதன்முதலில் போட்டுக்கொண்ட நோயாளி சவரிமுத்துவை மட்டும் காப்பாற்றவில்லை. எலிகள் இளசுகள், பிறந்ததிலிருந்து ஒரு மாத்திரையைக் கண்ணால் பார்த்ததில்லை. அவரோ சர்க்கரைக்கு, பிரஷருக்கு, முட்டிவலிக்கு என்று வேளாவேளைக்கு விழுங்கியவர். அதில் எதுவோ தன் மருந்தை வேலை செய்யவிடாமல் தடுத்திருக்கிறது என்று தமயந்திக்குத் தோன்றியது. அவர் மனைவி அன்னபாக்கியத்துக்குப் போன் செய்து, மிச்சமிருக்கும் மாத்திரைகளைத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

அன்னபாக்கியம் மறுநாளே ஜவுளிக்கடைப் பையோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டாள். கூண்டருகே குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இதுங்களுக்கா குடுக்கப் போறீங்க?"

"ஆமாம்மா. முதல்ல இந்த மாத்திரைகளுக்குப் பழக்கிட்டு, அப்புறம் என் மருந்தைக் கொடுத்துப் பார்க்கணும்."

இதை முதலிலேயே ஏன் செய்யவில்லை என்று கேட்பாள் எனத் தமயந்தி தலைகுனிந்து நின்றாள். அன்னபாக்கியம் கேட்கவில்லை. பைக்குள் துழாவி, பாதி தீர்ந்திருந்த சர்க்கரை மாத்திரை அட்டையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதை மட்டும் சாப்பிட்ட பிறகு குடுங்க டாக்டர். வெறும் வயித்துல குடுத்தா கைகாலெல்லாம் வெடவெடன்னு நடுங்கிரும், பாவம்."