அளவெடுக்காமல் தைத்தது

"இந்தத் துணியோட உள்ள விட முடியாதும்மா. மன்னிச்சுக்கோங்க."

நர்சம்மா தன் உடையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். தொளதொளவென்ற பருத்தி மேல்சட்டை, கணுக்காலை மூடும் கால்சட்டை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும் அவரை எல்லாரும் நர்சம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். மகனைப் பார்க்க இந்த நாட்டுக்கு வந்த இடத்தில் கீழே விழுந்து, முழங்காலில் அறுவை சிகிச்சை. தண்ணீரில் தினமும் நடந்தால்தான் கால் மடங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருமகள் நீச்சல் குளத்து வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

"நம்ம பேச்சு பேசுற பொண்ணு வாசல்ல இருக்கேன்னு சந்தோஷப்பட்டேன். நீயே இப்படிச் சொல்றியே?"

கழுத்தில் விசில் தொங்க உட்கார்ந்திருந்த காவல்காரப் பெண் சங்கடத்துடன் சிரித்தாள்.

"பருத்தியில நூல் பிரிஞ்சு வடிகட்டியில அடைச்சுக்கும்மா. நீச்சல் துணிதான் போடணும். முன்னாடியே குளிக்கணும். தலைக்குத் தொப்பி. யாரு வந்தாலும் ஒரே விதிதான்."

"விதியைக் குத்தம் சொல்லலை. செருப்போட வார்டுக்குள்ள வந்தவங்க எத்தனை பேரை நானே விரட்டியிருக்கேன்!" மருமகள் வாங்கித் தந்த நீச்சலுடையைப் பையிலிருந்து இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். "ஆனா இதைப் பாரு. என் கைக்குட்டை இதைவிடப் பெரிசு."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்காதே. எங்க பக்கம் துணியில்லாம இறங்கினா மரியாதை இல்ல. இங்க துணியோட இறங்கினா மரியாதை இல்ல. நான் எந்த மரியாதையைக் காப்பாத்துவேன்?"

"வேற நாள் வேணா..."

"ஆறு வாரம் ஆச்சும்மா. இன்னும் மடங்கலைன்னா மயக்க மருந்து கொடுத்து இழுத்து மடக்குவாங்க. பக்கத்துல நின்னு அந்தச் சத்தத்தைக் கேட்டவ நான். எனக்கு அது வேணாம்." ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

நாலு எட்டு வைத்திருப்பார்.

"அம்மா! போகாதீங்க, நில்லுங்க!"

அந்தப் பெண் உள்ளே ஓடித் தன் அலமாரியைத் திறந்து ஓர் உடையை எடுத்து வந்தாள். கருநீலம். முழுக்கை. கால் மறையும் நீளம். இடுப்பைச் சுற்றிப் பாவாடை போல இன்னொரு மடிப்பு.

"நீச்சல் துணியிலயே தைச்சது. விதிக்கும் சரி, உங்களுக்கும் சரி. போட்டுட்டு வாங்க."

மார்பளவு தண்ணீரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நர்சம்மா நடந்தார். முதல் பத்து அடிக்குப் பல்லைக் கடித்தார். அப்புறம் அவர் முகம் மெல்ல மலர்ந்தது. அந்தப் பெண் கரையோரமாகக் கூடவே நடந்தாள்.

"நான் நர்சுக்குப் படிக்கும்போது எங்க விடுதிக்குப் பின்னாடி ஒரு பெரிய தண்ணித் தொட்டி. ஞாயித்துக்கிழமை வார்டன் கண் அசந்ததும் எட்டுப் பேரும் சீருடையோட குதிச்சிடுவோம். ஒருநாள் அந்தம்மா முழிச்சு வந்து, 'எத்தனை பேருடி உள்ள?'ன்னு கத்தினாங்க. மூச்சை அடக்கி மூழ்கிட்டோம். எங்க வெள்ளைத் தொப்பியெல்லாம் மேல மிதக்குது. ஒண்ணொண்ணா எண்ணிட்டு, 'எட்டும் மேல வாங்க'ன்னாங்க!"

சிரித்த சிரிப்பில் வாய்க்குள் தண்ணீர் போனது. இருமி முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதுல ரெண்டு பேர் இப்ப இல்ல. மத்தவங்க எங்க இருக்காங்களோ! தண்ணியில நின்னா எல்லாரும் பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கு."

கம்பியைப் பிடித்தபடி மெதுவாகக் காலைத் தூக்கினார். கொஞ்சம் மடங்கியது. இன்னும் கொஞ்சம்.

"கடவுள் உன்னை நல்லா வைக்கணும். யாருதும்மா இந்த உடுப்பு? கடையில வாங்கினது இல்லையே."

"எங்கம்மாவுக்கு நான் தைச்சது. அளவுகூட எடுக்கலை. நினைப்புல இருந்தே வெட்டினேன்."

"அவங்க போடலையா?"

"தைச்சு முடிக்கிறதுக்குள்ள ஊருக்குத் திரும்பிட்டாங்க. போய் ரெண்டே மாசத்துல தவறிட்டாங்க. அவங்களுக்கும் கால் வலிதான். ஒரே ஒருநாள் ஆசையா இங்க வந்தாங்க. உங்களை மாதிரியே பருத்தித் துணி. உள்ள விடலை. ஒரு வார்த்தை பேசாம, வந்த வழியே நடந்து போயிட்டாங்க."

நர்சம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "பெத்தவ வயசுல ஒருத்தி வந்து நின்னா, திருப்பி அனுப்ப எப்படித்தான் மனசு வந்துச்சோ! அன்னிக்கு வாசல்ல இருந்தது யாரு?"

அந்தப் பெண் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொந்த அம்மாவுக்குச் சலுகை காட்டிட்டாள்னு யாரும் சொல்லிடக் கூடாதேன்னு... நான்தாம்மா திருப்பி அனுப்பினேன்."