யார் கேட்டாலும் திறக்காது

உள்ளே வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளையும் போட்டான்.

முழங்கையில் பச்சை குத்தியிருந்த தேளைப் பார்த்ததுமே தஸ்லீமுக்கு ஆள் தெரிந்துவிட்டது. தினகரன். போன வருஷம் ஆட்களோடு புகுந்து, கரையான்சாவடியில் இருக்கும் இந்த எச்.ஐ.வி. தடுப்பு மையத்தின் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனவன்.

எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க முன்கூட்டியே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டவர்களின் பெயர்கள் அன்று மாலையே வாட்ஸ்அப்பில் சுற்றின. அந்தப் பட்டியலில் இருந்த, நோயே இல்லாத உதயகுமார் வீட்டைக் காலி செய்துகொண்டு எங்கேயோ போய்விட்டான். தினகரனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஒருத்தரும் வரவில்லை.

இப்போது மதியச் சாப்பாட்டு நேரம். நர்ஸ் வெளியே போயிருந்தாள். பதிவு மேசையில் தஸ்லீம் மட்டும்தான்.

"இன்னாமே, புச்சா கம்ப்யூட்டர் வாங்கிகிறீங்க?"

"இது உங்களுக்கு ஒதவாதுண்ணே. எல்லாத்தையும் பிளாக்செயினுக்கு மாத்தியாச்சு." தஸ்லீம் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்டின்னா?"

"எங்ககிட்ட, அம்பத்தூர் லேப்புல, ஆவடி மருந்துக்கடைலன்னு மூணு எடத்துலயும் பூட்டினபடியே இருக்கும். மாத்திரை வாங்குறவங்க தன்னோட போன்ல சரின்னு அமுக்குனாத்தான் தெறக்கும்."

அவன் மேசையருகே வந்தான். "செல்வகுமார்னு ஒர்த்தன் வந்துகினு கீறான். அவன் இன்னா மாத்திரை துன்றான்? தொறந்து காட்டு."

"என்னால முடியாதுண்ணே."

மேசை மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்தான். "இத்த கழுத்துல வச்சா?"

"அப்பவும் முடியாது. சாவி என்கிட்ட இல்ல."

அவள் செல்போன் எட்டாத அலமாரியில் இருந்தது. கீழே ரோட்டில் ஷேர் ஆட்டோக்காரர் "வேற்காடு, வேற்காடு" என்று கூவிக்கொண்டிருந்தார். கத்தினாலும் யார் காதிலும் விழாது.

"உங்க டாக்டரு?"

"அவராலயும் முடியாது."

"மாத்திரை துன்றவன் கூட சுத்துறவனுங்க வந்து மெரட்டுனா?"

"அவங்களுக்கும் இதே பதில்தான்."

"பொண்டாட்டி கேட்டா?"

"அம்மாவே வந்து அழுதாலும் தெறக்காதுண்ணே."

"எவனாச்சும் பொட்டியோட தூக்கினு போய்ட்டா?"

"தூக்கிட்டுப் போய் என்ன பண்ணுவான்? ஒண்ணும் புரியாத எழுத்தாத்தான் தெரியும்."

அவன் கையில் கத்தரிக்கோல் திறந்து திறந்து மூடியது. பிறகு ஜன்னலுக்குப் போய், தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரையை இழுத்து மூடினான். அறை இருண்டது.

தஸ்லீம் மனசுக்குள் கலிமா சொல்ல ஆரம்பித்தாள்.

"சத்தியமா தொறக்காதா?" ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் கரகரத்தது.

"என் புள்ள மேல சத்தியம்."

அவன் கத்தரிக்கோலை மேசையில் வைத்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"அப்ப என்னியும் அதுல சேத்துக்கோக்கா."