கடைசி இரண்டு கட்டங்கள்

ஆய்விதழ் கேட்டபடி கட்டுரையின் ஓரம், வரி இடைவெளி, மேற்கோள் பட்டியல் எல்லாவற்றையும் மகள்தான் சரிசெய்தாள். படிவத்தின் கடைசி இரண்டு கட்டங்களை மட்டும் பேராசிரியர் அவளிடம் விடவில்லை.

“நகரும்மா, நீ தப்பாப் போட்டுடுவ. ஒரு கட்டத்துல, மதிப்பிட என் நண்பனைச் சிபாரிசு பண்ணணும். இன்னொண்ணுல, எதுலயும் குறை கண்டுபிடிக்கிற அந்தச் சிடுமூஞ்சிக்கு அனுப்பவே கூடாதுன்னு சொல்லணும். அவன் கையில சிக்கினா கட்டுரையும் காலி, என் பதவி உயர்வும் காலி.”

மூன்று மாதத்தில் கட்டுரை தேர்வானது. பெயரில்லாமல் வந்த மதிப்புரை முழுக்கப் பாராட்டு.

“வரிக்கு வரி ரசிச்சுப் படிச்சிருக்கான்!” என்று உருகிப்போய் நண்பனுக்குப் போன் போட்டார்.

“எனக்கு எதுவும் வரலையேடா!”

மகள் படிவத்தைத் திறந்து பார்த்தாள். “அப்பா, ரெண்டு பேரையும் கட்டம் மாத்திப் போட்டிருக்கீங்க.”

பேராசிரியர் மதிப்புரையை மறுபடி கையில் எடுத்தார்.

“அப்பவே நினைச்சேன். படிக்காமலே எழுதியிருக்கான்!”