கடைசி வரி நீங்கலாக

ஒரு தாலாட்டின் விலை இரண்டு கரண்டி உப்பு.

அப்படித்தான் போட்டிருந்தது அந்தப் பழைய புத்தகத்தில். நூறு வருடத்துக்கு முன் கொங்கோ ஆற்றங்கரைச் சனத்தோடு தங்கியிருந்து, அவர்களுடைய சடங்கு, சமையல், பாட்டு எல்லாவற்றையும் எழுதி வந்த வெள்ளைக்கார டொக்டர் ஒருவரின் புத்தகம். எதை என்ன கொடுத்து வாங்கினார் என்பதையும் விடாமல் குறித்திருந்தார்.

நீக்கிலாசுக்கு மனுசனைப் பிடித்துப்போனது. யாழ்ப்பாணம் பெரியகடையில் தகப்பனின் கல்லாவுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர் அவர். இப்போது புலம்பெயர்ந்து வந்த நாட்டில், மோர்னிங்சைட் பக்கத்து ஞாயிற்றுச் சந்தையில் பழைய சாமான் விற்கிறார். புத்தகத்துக்கு அறுபது டொலர் போட்டிருந்தார்.

கிளாரிஸ் என்ற கொங்கோப் பெண் மூன்றாவது ஞாயிறாகக் கைக்குழந்தையோடு வந்து, அதே பக்கத்தைத் திறந்தாள். அவளுடைய சனத்தின் பாட்டாம். குழந்தைக்குப் பாட வேண்டுமாம். நாற்பதுக்குக் கேட்டாள்.

மூன்று தரம் திரும்பி வருகிற ஆளுக்கு எந்த வியாபாரி விலை குறைப்பான்?

ஆனாலும் சரக்கிலுள்ள பழுதை மறைக்க அவருக்கு மனம் வரவில்லை. பாட்டின் கடைசி வரி புத்தகத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார். அந்த வரியில்தான் தாய் பிள்ளையின் பெயரைச் சொல்வாள், பிள்ளையின் காதுக்குள் மட்டும். டொக்டர் துணி காட்டினார், கத்தி காட்டினார், முகம் பார்க்கும் கண்ணாடிகூடக் காட்டினார். பாடியவள் வாய் திறக்கவில்லை. பேராசைக்காரி என்று எழுதிவிட்டார்.

விற்பனைக்கு இல்லாத சாமானை அந்த மனுசன் அதுவரை கண்டதில்லை போலும்.

"அவனாவது உப்புக் குடுத்தான். உங்களுக்கு அறுபது டொலர் கேக்குது, என்ன?" என்றாள் மனைவி யூஜினி.

குழந்தை சிணுங்கியது. கிளாரிஸ் புத்தகத்தைப் பார்த்து எழுத்துக்கூட்டிப் பாடத் தொடங்கினாள். வரிக்கு வரி தடக்கினாள். வெற்றிடம் வந்ததும் நின்றுவிடுவாள் என்று நீக்கிலாஸ் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிற்கவில்லை. குனிந்து, கையால் மறைத்து, குழந்தையின் காதுக்குள் எதையோ தடக்காமல் பாடினாள்.

அந்த வரி தெரியுமா என்று கேட்டார்.

"அது மட்டும்தான் தெரியும். அம்மா சாகும்போது எனக்கு நாலு வயது."

நீக்கிலாஸ் விலைச்சீட்டை நகத்தால் சுரண்டினார். டொக்டர் வாங்கிய விலைக்கே தருவதாகச் சொன்னார்.

கிளாரிஸ் சிரித்தபடி குழந்தையின் பையைத் துழாவினாள். எப்போதோ உருளைக்கிழங்குப் பொரியலோடு வந்த கடதாசிப் பொட்டலங்கள் இரண்டு அகப்பட்டன.

யூஜினி கணக்குக் கொப்பியைத் திறந்தாள்.

புத்தகம் ஒன்று. வரவு: உப்பு, இரண்டு பொட்டலம். நிலுவை: ஒன்றரைக் கரண்டி.