ஜோஷுவா மரத்துப் பூச்சி

"எங்க பிடிச்ச இத?"

"முதல்ல இது என்னன்னு சொல்லு, எல்மர். அப்புறம் சொல்றேன்" என்றார் கெர்டா.

மாத்திரை டப்பாவுக்குள் செத்துப்போன அந்துப்பூச்சி ஒன்று கிடந்தது. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. கரும் சாம்பல் நிறம்.

எல்மர் காபியைத் தள்ளி வைத்துவிட்டு பூதக்கண்ணாடியை எடுத்தார். உள்ளூரான டுலூத்தின் கல்லூரியில் முப்பத்திரண்டு வருடம் பூச்சிகளோடு குடித்தனம் நடத்தியவர் அவர். மனைவி ஒரு பூச்சியைப் பற்றிக் கேட்பது இதுதான் முதல் தடவை.

"ஒட்டடைன்னு ஊதித் தள்ளாம எடுத்து வச்சியே, அதுவே அதிசயம்!"

"கிண்டல் போதும். பாரு."

பார்த்தார். பார்த்தவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"வாய்கிட்ட ரெண்டு சுருள் கை தெரியுதா? மகரந்தத்த உருட்டி அணைச்சுக்கறதுக்கு. ஜோஷுவா மரத்துப் பூச்சி இது! அதுலயும் சின்ன ஜாதி."

"நம்ம ஊர்ல இருக்குமா?"

"இங்கயா? ஏப்ரல் வந்தும் வெளிய பனி கரையல. அந்த மரம் மொஹாவி பாலைவனத்துலதான் வளரும். மரம் இல்லாத இடத்துல இதுக்கு என்ன வேலை? பெரிய ஜாதி கலிஃபோர்னியாப் பக்கம். இது கிழக்கே, நெவாடாப் பக்கம்."

"காத்துல அடிச்சுக்கிட்டு வந்திருக்காதா?"

"ஆயிரத்து முந்நூறு மைலா? நல்லா கேட்ட போ! பூ பூக்கறப்ப வெளிய வரும், கொஞ்ச நாள்ல செத்துப்போகும். மரத்த விட்டு எங்கயும் போகாது."

"தப்பா இருக்க வாய்ப்பே இல்லையா?"

"கோர்ட்டுல வந்து சத்தியம் பண்ணட்டுமா? யாரோ இப்பத்தான் நெவாடா போய், அந்த மரத்தடியில நின்னுட்டு வந்திருக்காங்க. யார்கிட்ட இருந்துச்சு, சொல்லேன்!"

"உன் கோட்டு மடிப்புல. போன வாரம் சிகாகோ கருத்தரங்குன்னு சொல்லிப் போட்டுட்டுப் போனியே, அந்தக் கோட்டு."

எல்மர் பூதக்கண்ணாடியிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

"கெர்டா... அது வந்து..."

கெர்டா நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நெவாடாவுல இருக்கற நம்ம பொண்ணு பேரை இந்த வீட்டுல எடுக்கவே கூடாதுன்னு ஆறு வருஷம் முன்னாடி சொன்னவ நான்தான்." மாத்திரை டப்பாவை மெல்ல மூடினார். "குழந்தை பிறந்திருக்குன்னு என் காதுலயும் விழுந்துச்சு. சொல்லு எல்மர், யாரு ஜாடை?"