கட்டைவிரல்

பூங்காவனத்தின் கட்டைவிரலில் ரேகையே இல்லை. முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து, அதன் எண்ணெய் தின்றுவிட்டது. அரசுக் காப்பீட்டு அட்டை அவள் பேரில்தான் இருந்தது. ஆனால் மருத்துவமனைக் கவுன்டரில் இருந்த கருவி அவளை அவளென்று ஒப்புக்கொள்ளவில்லை. உள்ளே கணவருக்கு நெஞ்சைத் திறந்தாக வேண்டும்.

“ரேகை வர்றப்ப வரட்டும்மா. மேல பேசிட்டேன், முதல்ல ஆபரேஷன் நடக்கட்டும்” என்றாள் கவுன்டர் பெண்.

அவர் தேறும்வரை பூங்காவனம் வேறு வேலையே இல்லாமல் கட்டிலோரம் அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் கருவியில் விரலை வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது.

“வந்துருச்சும்மா! செக்கப்புக்கு வர்றப்பவும் இதே விரலு வேணும், பாத்துக்க.”

பூங்காவனம் விரலைத் திருப்பிப் பார்த்தாள். உழுத நிலம்போல மெல்லிய கோடுகள். “நீ நல்லா இருக்கணும் கண்ணு” என்று அதே விரலால் அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டாள்.

இப்போது மறுபடியும் கொட்டை உடைக்கிறாள். அந்தக் கட்டைவிரலுக்கு மட்டும் துணி சுற்றியிருக்கிறாள்.

“என்னக்கா, காயமா?” என்றாள் பக்கத்தில் உடைப்பவள்.

“இல்லடி” என்று துணியை இன்னொரு சுற்று இறுக்கினாள் பூங்காவனம். “உள்ள எங்க வீட்டுக்காரரு இருக்காரு.”